அரைப் பல் தாண்டாத செயின்

என் மனைவியின் தம்பி கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சவுக்குத் தோப்பை வாடகைக்குப் பிடித்து ஏடிவி ஓட்டவிடுகிறான். குண்டு டயர் வைத்த நாலு சக்கர வண்டி. பிள்ளைகளும், வண்டியில் ஏறியதும் பிள்ளைகளாகிவிடும் அப்பாக்களும் காசு கொடுத்து மணலில் பத்து நிமிடம் சுற்றுவார்கள். மொத்தம் நாலு வண்டி, நாலுமே பழசாக வாங்கியவை, சீனத் தயாரிப்பு, 110 சிசி.

நான் மெக்கானிக் இல்லை. ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தர ஆய்வில் இருக்கிறேன். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் வைத்துக்கொண்டு அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. வீட்டில் ஸ்ப்ளெண்டரை நானே பிரித்து மாட்டுவேன் என்பதால் குடும்பத்தில் எனக்கு இன்ஜினியர் என்று பெயர். அந்தப் பெயர்தான் வினை.

பொங்கலுக்கு எட்டு நாள் இருக்கும்போது மச்சான் போன் செய்தான். "மாமா, ரெண்டாம் நம்பர் வண்டி கடகடன்னு கத்துது. காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் ரோடே நிரம்பிடும், நாலு வண்டியும் ஓடலன்னா எனக்கு வருஷமே போச்சு." சனிக்கிழமை காலையில் டூல் பெட்டியோடு போய் இறங்கினேன்.

சத்தத்தைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. ஐட்லிங்கில் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போல இடது பக்கம் ஒரு சலசலப்பு. ஆக்ஸிலேட்டரைத் திருகி விட்டால் இன்னும் மோசம். டைமிங் செயின். கீழே பிஸ்டனோடு சுற்றும் கிராங்க் தண்டிலிருந்து, மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டைச் சுற்றுவது இதுதான். ஹெட்டின் இடது பக்கத்து வட்டமான மூடியைக் கழற்றி விரலால் அழுத்தினேன். செயின் தொட்டில் கயிறு மாதிரி ஆடியது. டென்ஷனர் ரோலரின் ரப்பர் பாதி காணோம். செயின் போகும் சந்தின் அலுமினியச் சுவரில் பளபளவென்று ஒரு தேய்ந்த கோடு.

ஏன் இப்படி ஆனது என்று தேடியதில் காரணம் இன்ஜினுக்கு அடியில் இருந்தது. இந்த வகை இன்ஜினின் வயிற்றில் இரண்டு போல்ட் உண்டு. ஒன்று ஆயில் இறக்குவதற்கு. பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்று டென்ஷனர் போல்ட். அதற்கு மேலே ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு தண்டு. அந்தத் தண்டு நெம்புவதால்தான் ரோலர் செயினை இறுக்கிப் பிடிக்கிறது. ஆயில் மாற்றுகிற பையன் எதைக் கழற்றுவது என்று தெரியாமல் இரண்டையும் கழற்றியிருக்கிறான்.

"ஸ்பிரிங் ஒண்ணு விழுந்துச்சு சார். எதுக்குன்னு தெரியல. டப்பால போட்டு வெச்சிருக்கேன்."

பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். அதற்குள் போல்ட், வாஷர், சைக்கிள் பால்ரஸ் குண்டு, அவற்றுக்கு நடுவே எண்ணெய்ப் பிசுக்கோடு அந்த ஸ்பிரிங். அவனைத் திட்ட மனம் வரவில்லை. தூக்கிப் போடாமல் வைத்திருந்தானே, அதுவே பெரிது. இந்த வகை வண்டி வைத்திருப்பவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆயில் இறக்கும்போது போல்ட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங் வந்தால் நீங்கள் கழற்றியது தப்பான போல்ட்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. ஹெட்டைக் கழற்றாமலே செயினை மாற்றிவிடலாம். பிளக்கைக் கழற்றி, பேட்டரி வயரை எடுத்துவிட்டு, இடது பக்கக் கவரைத் திறந்து, கிராங்க் தண்டின் நுனியில் சுற்றும் காந்தச் சக்கரமான மேக்னெட்டைப் புல்லர் போட்டு இழுத்து, அதற்குப் பின்னால் இருக்கும் ஸ்டார்ட்டர் கியரையும் காயில் தட்டையும் எடுத்தால் கிராங்க் வரை வழி கிடைத்துவிடும். மேக்னெட்டைச் சுத்தியால் தட்டிக் கழற்றுகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பழைய செயினை வெளியே எடுத்ததும் கண்ணிகளை எண்ணினேன், 84. கடையில் "110 ஏடிவிக்கு" என்று கேட்டால் கையில் கிடைத்ததைக் கொடுத்துவிடுவார்கள். 82, 90 என்று வேறு நீளங்களும் அதே டப்பாவில் கிடக்கும். எண்ணிவிட்டுத்தான் போக வேண்டும். புதுச் செயின், டென்ஷனர் ரோலர், வழிகாட்டி ரோலர், பேக்கிங் எல்லாம் வாங்கினேன்.

ஆயில் சல்லடையையும் கழற்றிக் கழுவினேன். ரோலரிலிருந்து பிய்ந்த ரப்பர்த் துணுக்குகள் அதில் ஒட்டியிருந்தன. இந்த இன்ஜினில் ஆயில் பம்ப்பைச் சுற்றுவதும் இதே டைமிங் செயின்தான் என்பதை அப்போதுதான் கவனித்தேன். செயின் அறுந்தால் வால்வோடு சேர்ந்து ஆயிலும் நின்றுவிடும். சத்தம்தானே, சீசன் முடியட்டும் என்று ஓட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்புறம் மாட்டினேன். தப்பும் அங்கேதான் நடந்தது.

விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேக்னெட்டில் இருக்கும் டி கோடு கேஸிங்கில் இருக்கும் அடையாளத்துக்கு நேராக நிற்க வேண்டும். பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். அதே நேரத்தில் மேலே கேம் தண்டின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் இருக்கும் ஓ குறி ஹெட்டில் வெட்டியிருக்கும் சின்னப் பள்ளத்துக்கு நேராக இருக்க வேண்டும். மேக்னெட்டைத் தற்காலிகமாக மாட்டி, நட்டில் சாக்கெட் போட்டு, ஓடும் திசையிலேயே, அதாவது இடது பக்கமிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றினேன். கடல் காற்றில் மேக்னெட்டின் விளிம்பு முழுக்கத் துரு. ஒரு கோடு வந்தது, பக்கத்தில் ஒரு எழுத்து. டி மாதிரித்தான் தெரிந்தது. நிறுத்தினேன்.

மேலே ஸ்ப்ராக்கெட்டில் செயினைப் போட்டால் ஓ குறி சரியாக உட்காரவில்லை. ஒரு பல்லில் வைத்தால் பள்ளத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. அடுத்த பல்லில் வைத்தால் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. இரண்டில் எது கிட்டே இருக்கிறதோ அதில் வைத்தேன். புதுச் செயின், டென்ஷனர் இன்னும் போடவில்லை, தொய்வு இருக்கும், போல்ட்டை முறுக்கினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டென்ஷனரைப் போட்டுவிட்டு இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தேன். அதே கோடு, அதே இடம், அதே கொஞ்சூண்டு விலகல். எங்கேயும் இடிக்கவில்லை. சரி, மூடு.

பட்டனை அமுக்கினால் ஐந்தாவது தடவையில் பிடித்தது. சத்தம் சுத்தமாகப் போயிருந்தது. மச்சான் டீ சொல்லி அனுப்பினான். டீ வருவதற்குள்ளேயே வண்டி தும்ம ஆரம்பித்துவிட்டது. ஐட்லிங் ஏறி இறங்குகிறது. ஆக்ஸிலேட்டரைத் திறந்தால் கார்ப்பரேட்டர் வழியாகப் புஸ் புஸ் என்று பெட்ரோல் ஆவி திரும்பி வந்து ஏர் ஃபில்டரையே நனைக்கிறது. பாதிக்கு மேல் ரேஸ் ஏறவே இல்லை. மணலில் ஏற்றினால் அப்படியே அடங்கிப்போகிறது.

நேர்மையாகச் சொல்கிறேன், டைமிங் மேல் சந்தேகம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்த்தேன். ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து செல்ஃப் அடித்தால் 150 பிஎஸ்ஐ. பக்கத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மூன்றாம் நம்பர் வண்டியில் 130. நம்முடையது அதைவிட நல்ல இன்ஜின் என்று சந்தோஷப்பட்டேன். வால்வு டைமிங் தப்பாக இருந்தால் கம்ப்ரஷன் விழுந்துவிடும் அல்லவா, விழவில்லை, ஆகவே டைமிங் சரி. இந்தத் தர்க்கம் பாதிதான் உண்மை என்பது எனக்குத் தெரியாது. கேம் பின்தங்கினால் கம்ப்ரஷன் விழும். கேம் முந்திக்கொண்டால் இன்டேக் வால்வு சீக்கிரமே மூடிவிடும், மெதுவாகச் சுற்றும் செல்ஃப் வேகத்தில் காற்று கூடுதலாகச் சிக்கும், கேஜ் கூட்டித்தான் காட்டும். ஒரே மாதிரியான இரண்டு வண்டியில் ஒன்று மட்டும் 20 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டினால் அது பாராட்டு இல்லை, புகார். எங்கள் கம்பெனியில் ஒரு பாகம் இப்படி விலகியிருந்தால் முழு லாட்டையும் நிறுத்தியிருப்பேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் செய்த வேலையையெல்லாம் எழுதினால் எனக்கே வெட்கம். கார்ப்பரேட்டரை இரண்டு முறை கழுவினேன். புது பிளக். மூன்றாம் நம்பர் வண்டியின் சிடிஐயை, அதாவது பிளக்குக்குப் பொறியை அனுப்பும் மின்னணுப் பெட்டியை, கழற்றி இதில் போட்டேன். இக்னிஷன் காயில். மேனிஃபோல்டில் காற்று இழுக்கிறதா என்று ஸ்ப்ரே அடித்துப் பார்த்தேன். ஸ்பார்க் டைமிங் மாறியிருக்குமோ என்று காயில் தட்டையே மறுபடி கழற்றினேன்.

நம் ஊரில் டைமிங் என்ற ஒரே வார்த்தையை இரண்டு விஷயத்துக்கு வைத்துக்கொண்டு எல்லோரும் குழம்புகிறோம். வால்வு எப்போது திறந்து மூடுகிறது என்பது செயினின் கையில். பிளக் எப்போது பொறி விடுகிறது என்பது மேக்னெட்டின் கையில். மேக்னெட் கிராங்க் தண்டின் மேல் ஒரு சின்னச் சாவியை (பள்ளத்தில் உட்காரும் இரும்புத் துண்டு) வைத்துப் பொருத்தப்பட்டிருக்கிறது, அதன் விளிம்பில் இருக்கும் மேடு பிக்கப் காயிலைக் கடக்கும்போது பொறி. செயினை எத்தனை பல் தள்ளிப் போட்டாலும் பொறி நகராது. செயினே இல்லாவிட்டாலும் பொறி சரியான நேரத்தில்தான் வரும். செயின் மாற்றிய பிறகு வந்த கோளாறுக்கு சிடிஐயை மாற்றிப் பார்ப்பது, வயிற்று வலிக்குச் செருப்பை மாற்றுவது போல.

திங்கட்கிழமை சாயங்காலம் மச்சான் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். திருக்கழுக்குன்றம் சாலையில் முப்பது வருஷமாக ஸ்ப்ளெண்டரும் சிடி 100ம் மட்டுமே பார்க்கிற ஒரு அண்ணன். ஏடிவியை அவர் தொட்டதே கிடையாது. குனிந்து ஒரு பார்வை பார்த்தார்.

"இது நம்ம வண்டி இன்ஜின்தானே தம்பி. கொஞ்சம் பெரிய போர் போட்டிருக்கான்."

உண்மை. ஹீரோ ஹோண்டா சிடி 100 இங்கே வந்தது 1985இல், ஸ்ப்ளெண்டர் 1994இல். இரண்டிலும் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 50 மிமீ; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 49.5 மிமீ; 97.2 சிசி. இந்த ஏடிவி இன்ஜினின் போர் 52.4, ஸ்ட்ரோக் அதே 49.5. கணக்குப் போட்டால் 107 சிசிதான் வருகிறது. 110 என்பது ஸ்டிக்கர். படுக்கை வாக்கில் சிலிண்டரை வைத்த இந்தக் குடும்பம் முழுக்க ஹோண்டாவின் சூப்பர் கப் வழிவந்தது. 1958இல் தொடங்கிய அந்த வண்டியின் உற்பத்தி 2017இல் பத்துக் கோடியைத் தொட்டது. நகல் எடுத்தவர்களைக் கணக்கில் சேர்க்காமலே இவ்வளவு. ஆகவே கையேடு இல்லாத சீன வண்டியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு என் யோசனை: பக்கத்து ஊரில் பழைய ஸ்ப்ளெண்டர் மெக்கானிக் யாராவது இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

இரண்டு மூடியையும் திறக்கச் சொன்னார். நான் வைத்த கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"ஓ குறி நேரா இல்லையே?"

"அரைப் பல்லு வித்தியாசம் அண்ணே. செயின் தொய்வுன்னு நெனச்சேன்."

"தொய்வா? புதுச் செயினு, டென்ஷனர் போட்டாச்சு, அப்புறம் என்ன தொய்வு? செயினு அரைப் பல்லு தாண்டாது தம்பி. தாண்டினா முழுப் பல்லு. அரைப் பல்லு நிக்குதுன்னா உன் கோடு தப்பு."

பாக்கெட்டிலிருந்து ஒரு துணியை எடுத்து, டீசலில் நனைத்து, மேக்னெட் விளிம்பை அழுத்தித் துடைத்தார். துருவுக்கு அடியிலிருந்து எழுத்து வந்தது. டி இல்லை. எஃப்.

எஃப் என்பது பொறி விடும் இடம். ஐட்லிங்கில் பிளக் சுடுவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கிட்டத்தட்ட 15 டிகிரி முன்னால். ஓடும் திசையில் சுற்றினால் முதலில் வருவது எஃப், அதற்குப் பிறகுதான் டி. நான் முதலில் வந்த கோட்டில் நிறுத்திவிட்டேன். இரண்டு சுற்று சுற்றிச் சரிபார்த்தபோதும் அதே எஃப்பில்தான் நிறுத்தினேன். தப்பான அளவுகோலை வைத்து நூறு தடவை அளந்தாலும் நூறு தடவையும் ஒரே விடைதானே வரும். தர ஆய்வில் பதினோரு வருஷம் இருக்கிறவன் நான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேம் ஸ்ப்ராக்கெட்டில் 28 பல். 360ஐ 28ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்குச் சுமார் 12.9 டிகிரி. கிராங்க் இரண்டு சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று என்பதால் கிராங்க் கணக்கில் அது சுமார் 25.7 டிகிரி. எஃப்பில் நிறுத்தினால் கிராங்க் 15 டிகிரி பின்னால் இருக்கிறது, ஆகவே செயின் சரியான பல்லில் இருக்கும்போது ஓ குறி பள்ளத்துக்கு 7.5 டிகிரி பின்னால் நிற்கும். ஒரு பல் தள்ளிப் போட்டால் 5.4 டிகிரி முன்னால் நிற்கும். இரண்டில் கிட்டே இருப்பதைத் தேர்ந்தெடுத்தேன் என்றேனே, 7.5ஐவிட 5.4தானே கிட்டே? அதாவது கண்ணுக்குச் சரியாகத் தெரிந்ததுதான் தப்பான பல். கேம் ஒரு முழுப் பல் முந்திவிட்டது. எக்ஸாஸ்ட் ஓட்டம் முடியும் முன்பே இன்டேக் வால்வு திறந்து, மேலேறும் பிஸ்டன் காற்றை கார்ப்பரேட்டர் பக்கமே தள்ளியது. அந்தத் தும்மல் அதுதான்.

மறுநாள் விடியற்காலையில் மறுபடி மாட்டினேன். இந்தத் தடவை எப்படிச் செய்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

மேக்னெட் விளிம்பு முழுவதையும் துடைத்து, டி, எஃப் இரண்டையும் கண்ணால் பார்த்துவிட்டு, டி கோட்டில் மட்டும் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்தேன். பிளக் ஓட்டைக்குள் பெரிய கேபிள் டை ஒன்றை விட்டு, டி நேராக வரும்போது பிஸ்டன் உண்மையிலேயே மேலே வந்து நிற்கிறதா என்று தடவிப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவரை விடாதீர்கள், பிளக் ஓட்டை சாய்வாக இருப்பதால் சிக்கிக்கொண்டால் பிஸ்டனில் தழும்பு விழும்.

கேம் தண்டின் மூக்குகள் இரண்டும் பிஸ்டன் பக்கம் பார்த்து, வால்வை அமுக்கும் ராக்கர்கள் இரண்டும் தளர்வாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். ஸ்ப்ராக்கெட்டின் புள்ளியை மட்டும் நம்பினால் போதாது. கம்ப்ரஷன் உச்சியா, எக்ஸாஸ்ட் உச்சியா என்று சிலர் இந்த இடத்தில் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். செயின் கழன்றிருக்கும்போது அப்படி ஒரு வேறுபாடே கிடையாது. கேமை எப்படி மாட்டுகிறோமோ அதுதான் தீர்மானிக்கிறது. பொறியும் இந்த இன்ஜினில் சுற்றுக்கு ஒரு முறை வருவதால் அதற்கும் கவலை இல்லை.

செயினைப் போடும்போது இழுபடும் பக்கத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, தொய்வு மொத்தத்தையும் டென்ஷனர் பக்கம் தள்ள வேண்டும். பிறகு டென்ஷனர் தண்டு, ஸ்பிரிங், போல்ட். அதற்குப் பிறகுதான் குறியைப் பார்க்க வேண்டும். டென்ஷனர் இல்லாமல் பார்த்தால் குறி கொஞ்சம் விலகித்தான் தெரியும், அந்த விலகலை நம்பிப் பல்லை மாற்றினால் வம்பு. ஓடும் திசையில் மட்டும் மெதுவாக நாலு சுற்று. சுற்றும்போது எங்கேயாவது கெட்டியாக இடித்தால் உடனே நிறுத்துங்கள். வால்வு பிஸ்டனைத் தொடுகிறது என்று அர்த்தம், பலம் கொடுத்தால் வால்வு வளையும். அந்தச் சோதனைக்காகவே கையால் சுற்றுவது. எடுத்த உடனே செல்ஃப் அடிக்கிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை கிடைக்காது.

இந்த முறை ஓ குறி பள்ளத்துக்கு நேராக, ஊசி முனை மாதிரி நின்றது. சரியாக இருக்கும்போது அது தானாகவே தெரிகிறது. "கிட்டத்தட்ட" என்று சொல்ல வேண்டியே வராது.

டேப்பெட்டை, அதாவது வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளியை, மறுபடி வைத்தேன். கேம் தப்பாக இருந்தபோது வைத்த டேப்பெட் எதற்கும் உதவாது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இரண்டுக்கும் 0.05 மிமீ, ஃபில்லர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போகிற மாதிரி. ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் செயின் லேசாகக் கத்தியது, டென்ஷனருக்குள் ஆயில் ஏறியதும் அடங்கிவிட்டது. முதல் தடவையிலேயே பிடித்தது. கம்ப்ரஷன் பார்த்தேன்: 132.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மச்சான், "மாமா, நாலாம் நம்பரும் ஒரு மாதிரி இழுவையா இருக்கு, அதையும் ஒரு கண்ணு பாத்துடுங்க" என்றான். எனக்கும் கை அரித்தது.

நாலாம் நம்பர் வண்டிக்குச் செயின் சத்தமே கிடையாது. ஆனால் சைலன்சரில் பட் பட் என்று வெடிப்பு, வளைவுக் குழாய் அளவுக்கு மீறிச் சுடுகிறது, இழுவை இல்லை. இரண்டு மூடியையும் திறந்தேன். டி கோட்டைத் துடைத்து, எழுத்தைப் படித்து, நேராக நிறுத்தினேன். மேலே ஓ குறி பள்ளத்தைத் தாண்டி நின்றது. "செயின் தாண்டிடுச்சு மச்சான்" என்று சொல்லிக்கொண்டே ஸ்ப்ராக்கெட் போல்ட்டில் ஸ்பேனரை வைத்துவிட்டேன்.

அப்புறம் கையை எடுத்தேன். எவ்வளவு தாண்டியிருக்கிறது? மறுபடி குனிந்து பார்த்தேன். அரைப் பல்.

செயின் அரைப் பல் தாண்டாது. நீண்டு தேய்ந்த செயினாக இருந்தால் ஒரு சில டிகிரி விலகும்தான், ஆனால் அப்போது கேம் பின்தங்கும், முந்தாது. இங்கே முந்தி நிற்கிறது. செயினும் விறைப்பாகத்தான் இருக்கிறது. இந்தத் தடவை எழுத்து டிதான், சந்தேகமே இல்லை. அப்படியானால் டியே பொய் சொல்கிறது.

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. உச்சியில் பிஸ்டன் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பது போல இருக்கும் என்பதால் உச்சியை நேரடியாகக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் உச்சிக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். கேபிள் டையை பிளக் ஓட்டைக்குள் விட்டு, வெளி விளிம்புக்கு நேரே அதில் பேனாவால் ஒரு கோடு. பிஸ்டன் ஏறி வரும்போது அந்தக் கோடு விளிம்பைத் தொடும் இடத்தில் நிறுத்தி, கேஸிங் அடையாளத்துக்கு நேராக மேக்னெட்டில் ஒரு கோடு போட்டேன். உச்சியைத் தாண்டி இறங்கும்போது அதே பேனாக் கோடு மறுபடி விளிம்புக்கு வரும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரியான நடுவில்தான் உண்மையான உச்சி. நூலை வைத்து விளிம்பின் மேல் அளந்து, பாதியாக மடித்து நடுவைக் குறித்தேன். டி கோடு அந்த நடுவிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி இருந்தது.

மேக்னெட்டைக் கழற்றினால் விஷயம் வெட்டவெளிச்சம். கிராங்க் தண்டில் இருக்கும் அரை நிலா வடிவச் சாவி பாதி சீவப்பட்டிருந்தது. மேக்னெட் தண்டின் மேல் கொஞ்சம் வழுக்கிப் பின்னால் போய்விட்டது. விளிம்பில் சுத்தியால் அடித்த பழைய தழும்புகள் இருந்தன. வாங்குவதற்கு முன்னால் யாரோ புல்லர் இல்லாமல் கழற்றி, மேக்னெட் உட்காரும் தண்டின் கூம்பு நுனியைத் துடைக்காமல், நட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறார்கள். இந்தச் சாவி மேக்னெட்டைப் பிடித்து வைப்பதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. பிடித்து வைப்பது கூம்பின் இறுக்கம். சாவி இடத்தைக் காட்டுவதற்கு மட்டும். கூம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மொத்தச் சுமையும் அந்தக் குட்டிச் சாவியின் மேல் வந்து அது சீவிப்போகும்.

மேக்னெட் பின்னால் போனதால் பொறி தாமதமானது. அதனால்தான் சூடும் வெடிப்பும். வால்வு டைமிங்கில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு நான் டி கோட்டை நம்பிச் செயினை ஒரு பல் மாற்றியிருந்தால், ஒரு கோளாறு இருந்த வண்டியில் இரண்டு கோளாறு ஆகியிருக்கும். பிறகு எதைச் சரிசெய்தாலும் மற்றொன்று மறைத்துக்கொண்டே இருந்திருக்கும்.

சாவி விலை ஒரு டீ, வடைக்கு மேல் இல்லை. தண்டின் கூம்பையும் மேக்னெட்டின் உள் பக்கத்தையும் பெட்ரோலில் துடைத்துக் காயவைத்து, சாவியைத் தட்டையாக உட்கார வைத்து, மேக்னெட்டைப் போட்டு, டார்க் ஸ்பேனரால் முறுக்கினேன். டி நேராக வந்தது, ஓ நேராக வந்தது. செயினைத் தொடவே இல்லை.

ராத்திரி பத்து மணிக்குக் கை கழுவும்போது அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் கண்ணில் பட்டது. மிச்ச போல்ட்டுகளை எடுக்கலாம் என்று கவிழ்த்தேன். வாஷருக்கும் பால்ரஸ் குண்டுக்கும் நடுவிலிருந்து இன்னொரு ஸ்பிரிங் உருண்டு வந்தது. அதே நீளம், அதே தடிமன்.

பையனைக் கூப்பிட்டேன். "மொத்தம் எத்தனை ஸ்பிரிங்டா விழுந்துச்சு?"

"ரெண்டு சார். நீங்க ஒண்ணுதானே கேட்டீங்க."

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் வண்டிக்கு அடியில் படுத்தேன்.